சுடலைமாடனுக்கு பிளாஷ்பேக் வேண்டாம்

காலங்காத்தால கோவம்.

செயலி ஒண்ணுல தொடரா வந்துக்கிட்டிருக்கிற மாயாஜால நாவல். (பேரு சொல்லப்போறதில்ல. எழுதுறது சின்ன வயசுக்காரங்க, நல்லாவும் எழுதுறாங்க. நாம எதுக்குக் கெடுக்கணும்.) அதுல ஒரு மந்திரவாதி. ராத்திரி கடையை அடைச்சுட்டு வந்து, சாப்பிட்டுச் சாஞ்சா, அவனுக்காகத்தான் போனையே எடுப்பேன்.

என்ன ஆளு தெரியுமா அவன்? ஹீரோவை ஆத்து வெள்ளத்துல இருந்து தூக்கிக் கரை சேப்பான். மறுநாள் அதே ஹீரோவோட குதிரையைச் சந்தையில வித்துருவான். ராணிக்கு விஷம் வைக்கிறேன்னு காசு வாங்குவான். வாங்குன கையோட ராணிகிட்டயே போயி, "வைக்காம இருக்கணும்னா நீ எவ்வளவு தருவே?"ன்னு கேப்பான். ரெண்டு பக்கமும் வாங்கிட்டு, கடைசியில ராணியோட நாய்க்கு மருந்து குடுத்துக் காப்பாத்திட்டுப் போயிருவான். ஏன்? நாய் அவனைப் பாத்து வாலாட்டுச்சு. அவ்வளவுதான் காரணம்.

நேத்து வந்த அத்தியாயத்துல அவனுக்கு பிளாஷ்பேக்.

அம்மா செத்துட்டாளாம். சித்தி சூடு வச்சாளாம். ஊரு கல்லால அடிச்சுதாம். அதனாலதான் இப்படி ஆயிட்டானாம். உள்ளுக்குள்ள தங்கமாம்.

முடிஞ்சுது கதை.

கீழ ஆயிரம் பேரு கண்ணீர் பொம்மை போட்டிருக்காங்க. என் அக்கா மக (காலேஜ் படிக்கா, எனக்கு இந்தச் செயலியை இறக்கிக் குடுத்ததே அவதான்) போன்ல சொல்றா: "இப்பதான் மாமா அவனை எனக்குப் புரியுது."

புரிஞ்சிருச்சுல்ல? இனிமே அவன் எதுக்கு?

இதை எங்கயாவது கொட்டணும். அதான் இந்தப் பதிவு. நீளமாத்தான் போகும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

என்னைத் தெரியாதவங்களுக்கு: நான் திருவனந்தபுரம் சாலையில வத்தல், மல்லி, மிளகு மொத்த வியாபாரம் பண்றவன். சாலைன்னா வெறும் ரோடு இல்ல. கிழக்கேகோட்டையில ஆரம்பிச்சு கிள்ளிப்பாலம் வரைக்கும் போற கடைத்தெரு. திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டுல உண்டாக்குன சந்தை. அந்த மனுசனே இப்ப கன்னியாகுமரி மாவட்டத்துல இருக்கிற வில்லுக்குறிப் பக்கத்துக்காரரு. அந்தக் காலம் தொட்டே தெக்க இருந்தும் கிழக்க இருந்தும் தமிழங்க வந்து கடை போட்டுக்கிட்டேதான் இருக்கோம். எங்க தாத்தா திருநெல்வேலிப் பக்கத்துல இருந்து வந்தவரு. கடை இங்க. குலதெய்வம் அங்க.

குலதெய்வம் யாரு? சுடலைமாடன்.

இப்பப் புரியுதா எனக்கு ஏன் கோவம் வந்துச்சுன்னு.

மாடன் கதை தெரியாதவங்களுக்கு, வில்லுப்பாட்டுல எங்க பக்கம் பாடுறதைச் சுருக்கிச் சொல்றேன். (ஊருக்கு ஊரு பாட்டு மாறும். "எங்க ஊர்ல அப்படி இல்ல"ன்னு சண்டைக்கு வராதீங்க, வந்தா உங்க ஊரு பாட்டைச் சொல்லிட்டு அப்புறம் சண்டை போடுங்க.)

பார்வதிக்குப் பிள்ளை வேணும். கைலாசத்துல எரியுற விளக்குல இருந்து சுடர் தெறிச்சு மடியில விழுது. முதல்ல உருவமில்லாத பிண்டம். அப்புறம் உயிர் வருது. பிள்ளைக்குப் பால் குடுத்துத் தூங்கவச்சா, அது நடுராத்திரி எந்திரிச்சு சுடுகாட்டுக்குப் போயி எரியுற பொணத்தைத் தின்னுட்டு வந்து ஒண்ணும் தெரியாத மாதிரி தொட்டில்ல படுத்துக்குது. பொண வாடையில அம்மா கண்டுபிடிச்சிருதா. பொணம் தின்னவனுக்குக் கைலாசத்துல இடம் இல்ல, பூமிக்குப் போடான்னு அனுப்பிருதாங்க.

கவனிச்சீங்களா? சித்தி சூடு வைக்கல. யாரும் கல்லால அடிக்கல. பெத்தவங்க சிவனும் பார்வதியும். இதை விட நல்ல வீடு எங்க கிடைக்கும்? அப்படியும் பையன் பொணம் திங்கப் போயிட்டான். ஏன்னு பாட்டு சொல்றதே இல்ல. பசிச்சுது, போனான்.

பூமிக்கு வந்தவன் மலையாளத்துக்கு வாரான். பகவதி கோயில் புதையலுக்குக் காவல் நிக்கான். காளிப்புலையன்னு ஒரு பெரிய மந்திரவாதி அந்தப் புதையலை எடுத்துருதான். மாடன் விடல. அவன் வீட்டுக்குள்ள மாயமா நுழைஞ்சு, மகள் மாவிசக்கியைக் கெடுத்து, அவ சூலியா இருக்கும்போது அவளையே பலி கேக்கான். அப்பனும் குடுக்கான். கடைசியில அப்பனையும் முடிச்சுருதான்.

இது எங்க சாமி.

இதைச் சின்ன வயசுல கொடைக்கு (கோயில் திருவிழாவுக்கு) போயி ராத்திரி முழுக்க உக்காந்து கேட்டிருக்கேன். மகுடம் அடிக்கிற சத்தம் நெஞ்சுக்குள்ள இறங்கும். கணியான் கூத்துல அண்ணாவி பாடுவாரு, பொம்பள வேசம் கட்டினவங்க ஆடுவாங்க. மாவிசக்கி சாகுற இடம் வந்தா, பொம்பளைங்க அழுவாங்க. உண்மையிலேயே அழுவாங்க. அவளுக்காக. அழுது முடிச்சு, சாமக்கொடையில சாமியாடுற கோமரத்தாடி தீப்பந்தத்தோட சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகும்போது, அதே பொம்பளைங்க மாடன்கிட்ட "எம் பிள்ளையக் காப்பாத்தப்பா"ன்னு கும்பிடுவாங்க.

இந்த ரெண்டும் ஒரே ராத்திரியில, ஒரே ஆளுக்குள்ள நடக்குது பாருங்க. எனக்கு இத்தனை வயசுக்கு அப்புறமும் இதுல பாதிதான் விளங்குது. ஆனா மாயாஜாலக் கதைன்னா இப்படித்தான் இருக்கணும்னு மட்டும் தெரியும். அழவும் வைக்கணும், கும்பிடவும் வைக்கணும். நியாயப்படுத்தக் கூடாது.

இன்னொண்ணும் இருக்கு. அந்தப் பாட்டுல யாரைத் திருடன்னு சொல்லுது, யாரைக் காவல்னு சொல்லுது? திருடன் புலையன். புதையல் கோயிலோடது. கொஞ்சம் நின்னு யோசிச்சா, பாட்டு யாரு பக்கம் நின்னு பாடுதுன்னு சந்தேகம் வரும். வரணும். மாடனுக்கு வெள்ளையடிச்சு அவன் செஞ்சதெல்லாம் தர்மம்னு ஆக்கிட்டா, இந்தச் சந்தேகம் வர்றதுக்கு இடமே இல்லாமப் போயிரும்.

அக்கா மக ஒரு கட்டம் போட்டு வாட்சப்புல அனுப்பினா. ஒன்பது கட்டம். உலகத்துல உள்ள எல்லா கதாபாத்திரத்தையும் இதுல அடைச்சிரலாமாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு ஒரு விளையாட்டு, 1974ல அமெரிக்காவுல வந்தது. அதுல இருந்து வந்த கட்டம். நான் கொஞ்சம் தேடிப் படிச்சேன். ஆரம்பத்துல நல்லது கெட்டதே அதுல இல்ல. ஒழுங்கு, நடுநிலை, குழப்பம், இந்த மூணுதான். மைக்கேல் மூர்காக்னு ஒரு ஆங்கில எழுத்தாளர் எல்ரிக் கதைகள்ல எழுதுன ஒழுங்கு-குழப்பச் சண்டையெல்லாம் அதுக்கு ஊத்து. நல்லவன், கெட்டவன்கிற ரெண்டாவது கோடு பின்னால சேத்தது.

ஆக, குழப்பம் பண்றவன் கெட்டவனா இருக்கணும்னு அவசியம் இல்ல, ஒழுங்கானவன் நல்லவனா இருக்கணும்னும் இல்ல. இதை ஒத்துக்கிட்டதுக்கே அந்த விளையாட்டுக்காரங்களுக்கு ஒரு கும்பிடு.

"மாடனை எந்தக் கட்டத்துல போடுவே?"ன்னு கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழிச்சுப் பதில்: "படைப்பு போட்டவங்களுக்கு ஒழுங்கு, போடாதவங்களுக்குக் குழப்பம் மாமா."

என் மருமவ கெட்டிக்காரிதான். பிளாஷ்பேக்குக்கு அழுததை மன்னிச்சுட்டேன்.

அவ சொன்னதுலதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கு. இந்த மாதிரி ஆளுங்க நமக்கு ஏன் பிடிக்குதுன்னு கேட்டா, எல்லாரும் சொல்றது: "நம்ம எல்லாருக்குள்ளயும் நல்லதும் கெட்டதும் இருக்கு, அதான்." சும்மா. நமக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் சோம்பேறித்தனமும் பயமும்தான். மாடனுக்குள்ள இருக்கிறது வேற.

அவன்கிட்ட கணக்கு இருக்கு. நம்ம கணக்கு இல்ல, அவன் கணக்கு. சுருட்டு, சாராயம், கிடா, சேவல், வருஷத்துக்கு ஒரு கொடை. குடுத்தா வயக்காட்டுக்கும் வீட்டுக்கும் காவல். குடுக்கலேன்னா கனவுல வருவான். இதுல நல்லது கெட்டது எங்க வருது? வாக்கு வருது. அவ்வளவுதான்.

கடைக்காரனா சொல்றேன், ரொம்ப நல்லவங்ககூட வியாபாரம் பண்றது கஷ்டம். பாக்கி கேக்கக் கூச்சமா இருக்கும். அவரும் "தம்பி நம்ம பிள்ளை"ம்பாரு, நாமளும் "அண்ணாச்சிகிட்ட எப்படி"ம்போம், சிட்டையில பாக்கி ஏறிக்கிட்டே போகும். கறாரான ஆளு, ஊரே திட்டுற ஆளு, அவன்கிட்ட கணக்கு சுத்தமா இருக்கும். என்ன குடுத்தா என்ன கிடைக்கும்னு தெரியும். பயமும் இருக்கும், நம்பிக்கையும் இருக்கும்.

(இங்க ஒரு கிளைக்கதை. கேரளாவுல நோக்குகூலின்னு ஒண்ணு இருந்துச்சு, தெரியுமா? லாரியில இருந்து சரக்கை நீங்களே இறக்கினாலும், சும்மா நின்னு பாத்ததுக்குக் கூலி. 2018 மே 1ல அரசாங்கம் தடை பண்ணிருச்சு. அதுக்கு முன்னால ஒரு தடவை எங்க அப்பா சொன்னாரு: "நம்ம மாடனுக்கும் இதானேடா. அவன் நின்னு பாக்கான், நாம குடுக்கோம்." அன்னைக்கு அடக்க முடியாமச் சிரிச்சேன். சுமட்டுக்கார அண்ணன்மாரு கோவிச்சுக்காதீங்க, அப்பா சாமியைத்தான் கிண்டல் பண்ணினாரு.)

எங்க கடையில இருந்து ஆற்றுகால் பகவதி கோயில் நடந்து போற தூரம். பொங்காலை அன்னைக்கு சாலை முழுக்க, கடை வாசல் வரைக்கும், மூணு செங்கல் வச்சு மண்பானையில பொங்கல் கொதிக்கும். 2009ல 25 லட்சம் பொம்பளைங்கன்னு கின்னஸ்ல எழுதியிருக்காங்க. அங்க பத்து நாள் பாடுற தோற்றம்பாட்டு யாரு கதை? கண்ணகி கதை. பாண்டியனை முடிச்ச கதை. ஒரு ஊரையே எரிச்சவளுக்கு எங்க தெருவுல அடுப்பு மூட்டுறோம்!

ஆனா சிலப்பதிகாரத்துல ஒரு இடம் எப்பவும் என்னைப் பிடிச்சு நிறுத்தும். கண்ணகி மதுரையை எரிக்கச் சொல்லும்போதே தீக்கு ஒரு பட்டியல் குடுக்கா. அந்தணரை விடு, அறவோரை விடு, பசுவை விடு, பத்தினிப் பொண்டுகளை விடு, முதியவங்களை விடு, குழந்தைகளை விடுன்னு. முலையைத் திருகி எறிஞ்ச கோவத்துல பட்டியல்! அந்தக் கோவத்தை நான் நம்புறதுக்குக் காரணமே அந்தப் பட்டியல்தான். கண்ணு மண்ணு தெரியாம எரிச்சிருந்தா அது வெறும் விபத்து. (அந்தப் பட்டியல்ல யாரு இருக்கா, யாரு இல்லேன்னு இன்னைக்கு உக்காந்து படிச்சா வேற கோவம் வரும். அது இன்னொரு பதிவு.)

அடுத்து நீலி.

பழையனூர் நீலி கதை திருவாலங்காட்டுப் பக்கத்துது. நாகர்கோவில் பக்கம் கள்ளியங்காட்டு நீலின்னு பாடுவாங்க. வில்லுப்பாட்டுக்காரங்க இதைச் சொல்ற அழகே தனி. போன பிறவியில காசுக்காக நீலியைக் கொன்னவன், இந்தப் பிறவியில வியாபாரியா வாரான். (வியாபாரிதான். எங்க ஆளு. கேக்கும்போதே உதறும்.) அவன்கிட்ட மந்திரவாள் இருக்கு, கிட்ட போக முடியாது. நீலி என்ன பண்றா? கள்ளிக்கொம்பை ஒடிச்சுக் குழந்தையாக்கி இடுப்புல வச்சுக்கிட்டு, ஊர்ச்சபையில போயி அழுறா: "என் புருசன் என்னை விட்டுட்டு ஓடுதான்." குழந்தை அவனைப் பாத்து அப்பாங்குது. அவன் கதறுதான், இது பேயி, என்னை விட்டுருங்கன்னு. சபை என்ன செய்யும்? கைக்குழந்தையோட ஒரு பொம்பள அழுறா. வாளை வாங்கி வச்சுட்டு, ரெண்டு பேரையும் ஒரே வீட்டுல வச்சுப் பூட்டுறாங்க. "உன் உயிருக்கு நாங்க பொறுப்பு"ங்கிறாங்க. விடிஞ்சு பாத்தா அவன் செத்துக்கிடக்கான். பழையனூர்க் கதையில, வாக்குக் குடுத்த எழுபது வேளாளரும் தீயில இறங்கிருதாங்க.

யாரு மேல தப்பு, சொல்லுங்க?

சபை நியாயமா நடந்துச்சு, அதனாலயே ஒரு ஆளைக் கொன்னுச்சு. நீலி பொய் சொன்னா, ஆனா அவ பாக்கி உண்மையான பாக்கி. வியாபாரி உண்மையைத்தான் சொன்னான், ஆனா அவன் கொலைகாரன். எழுபது பேரும் ஒரு தப்பும் பண்ணாம எரிஞ்சாங்க. நானும் எத்தனையோ உலகத்துக் கதை படிச்சிருக்கேன். இவ்வளவு சிக்கலான ஒரு வழக்கை இவ்வளவு சின்னக் கதையில வச்சதை வேற எங்கயும் பாக்கல.

2025ல வந்த லோகா படம் பாத்திருப்பீங்க. கல்யாணி பிரியதர்ஷன்தான் நீலி. இங்க தியேட்டர்ல விசில் காதைப் பிளந்துச்சு. நானும் அடிச்சேன். (என் வயசுக்கு அது விசிலா வரல, காத்தாத்தான் வந்துச்சு.) படம் எனக்குப் பிடிச்சுது. சாத்தானா டொவினோ தாமஸ் வந்த கொஞ்ச நேரமும் குதூகலம். ஆனா அந்த நீலி ரொம்ப நல்ல பொண்ணு. ராஜா அவ குடிக்கு அக்கிரமம் பண்ணினான், அதனால இவ ஆளுங்களைக் காக்கிறா. சரி, அது அவங்க நீலி. எங்க பாட்டு நீலி யாரையும் காக்கல. சபை முன்னால நின்னு, பொய்க் குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு, நீலிக்கண்ணீர் விட்டா. எனக்கு அவதான் வேணும்.

உலகம் பூரா இதே நோய்தான். தூங்கும் அழகியைச் சபிச்ச சூனியக்காரி மலேஃபிசென்ட், 1959 படத்துல விருந்துக்குக் கூப்பிடலேன்னு ஒரு கைக்குழந்தைக்குச் சாபம் குடுத்தா. அதுவே போதுமான காரணம்! கல்யாணப் பத்திரிகை வைக்கலேன்னு நம்ம ஊர்ல மூணு தலைமுறை பேசாம இருக்கிற குடும்பம் இல்லையா? 2014ல அதே டிஸ்னி அவளுக்கு ஒரு துரோகக் கதை குடுத்து, சிறகை வெட்டி, அழவச்சு, அம்மாவாக்கிட்டாங்க. லோகி? நார்ஸ்காரங்க கதையில பால்டரைக் கூடப்பொறந்த குருடன் கையாலயே சாகவச்சவன். இப்ப அவனுக்குத் தனித் தொடரே இருக்கு, பிரபஞ்சத்தைத் தாங்கிப் பிடிக்கான்.

இந்த விஷயத்துல 2008 பேட்மேன் படத்து ஜோக்கர்தான் சரியான ஆளு. வாயில தழும்பு எப்படி வந்துச்சுன்னு ஒருத்தர்கிட்ட ஒரு கதை சொல்வான், இன்னொருத்தர்கிட்ட வேற கதை. ரெண்டுமே உருக்கமா இருக்கும். பிளாஷ்பேக் கேக்குறவங்க மூஞ்சியில அடிச்ச மாதிரி. பதினோரு வருஷம் கழிச்சு இன்னொருத்தர் வந்து அவனுக்கும் முழுநீள பிளாஷ்பேக் எடுத்துட்டாரு, அது வேற.

நம்ம கல்கி இதுல கில்லாடி. பொன்னியின் செல்வனை 1950ல இருந்து 1954 வரைக்கும் வாரா வாரம் எழுதி, நந்தினி யாரு மக, ஆதித்த கரிகாலனை யாரு கொன்னாங்கிறதை ஒரு பிடிக்கு மேல சொல்லாமலே முடிச்சுட்டாரு. எழுபது வருஷமா சண்டை போட்டுக்கிட்டிருக்கோம். சொல்லியிருந்தா 1955லயே மறந்திருப்போம்.

சின்ன வயசு முத்து காமிக்ஸ் ஞாபகம் இருக்கா? 1972ல முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. பின்னால உலகத்தைக் காப்பாத்துன அந்த மாயாவி, கரண்டு பாய்ஞ்சு உடம்பு மறைய ஆரம்பிச்சதும் முதல்ல செஞ்ச வேலை கொள்ளை. அவன் ஆங்கில மூலத்துல 1962ல பொறந்ததே அப்படித்தான். ஸ்பைடர் அதுக்கும் மேல, குற்றச் சக்கரவர்த்தி ஆகணும்னே கிளம்பினவன். சிவகாசியில அச்சான இந்த ரெண்டு திருடங்களையும் சாக்கு மூட்டை மேல உக்காந்து படிச்சு வளந்தவன் நான். எனக்கு அவங்களால ஒழுக்கம் கெடல. (அக்கா வேற மாதிரி சொல்வா.)

இங்க மலையாளத்துல குட்டிச்சாத்தான். 1984ல வந்த மை டியர் குட்டிச்சாத்தான், இந்தியாவோட முதல் 3டி படம். கண்ணாடி போட்டுக்கிட்டு, மூஞ்சிக்கு நேரா வந்ததையெல்லாம் கையை நீட்டிப் பிடிக்கப் போனோம். குழந்தைகளுக்கான படம்தான். அதுல குட்டிச்சாத்தான் என்ன பண்றான்? சாராயம் குடிக்கான். பானை பானையா. குழந்தைகளுக்குக் கூட்டாளியா இருக்கான், சுவர்ல நடக்க வைக்கான், குடிக்கவும் செய்யுதான். இன்னைக்கு எடுத்தா அதை மாம்பழ ஜூஸ் ஆக்கிருவாங்க.

அடுத்த பத்தி பிரம்மயுகம் பாக்காதவங்க தாண்டிருங்க. கதையை உடைக்கப்போறேன்.

2024ல கறுப்பு வெள்ளையில வந்த படம். மம்மூட்டி ஒரு பாழடைஞ்ச மனையில போற்றியா உக்காந்திருக்காரு. வழி தவறி வந்த பாணனைத் தாயம் ஆடக் கூப்பிடுறாரு. தோத்தா காசு வேண்டாம், உன் காலத்தைக் குடு. அப்புறம்தான் தெரியுது, உக்காந்திருக்கிறது போற்றி இல்ல, போற்றி அடிமையா வச்சு வதைச்ச சாத்தான். இப்ப அவனே எஜமான். அடிபட்டவன்கிட்ட அதிகாரம் வந்தா நல்லவனாயிருவான்னு நாம நினைப்போம்ல? அந்தப் படம் அந்த ஆறுதலைத் தரல. சாத்தானுக்கு பிளாஷ்பேக் இருக்கு, ஆனா அது அவனை வெளுக்கிறதுக்காக இல்ல, நம்மளை இன்னும் பயமுறுத்துறதுக்காக. பிளாஷ்பேக் வச்சே தீருவேன்னா இப்படி வையுங்கப்பா.

இவ்வளவு பேசுறியே, நீ எழுதிப் பாரேன்னு கேப்பீங்க. பாத்தேன்.

எங்க சரக்குக் கிட்டங்கியில ஒரு குட்டிச்சாத்தான் இருக்கான்கிறதுதான் கதை. வத்தல் மூட்டைக்கும் மிளகு மூட்டைக்கும் நடுவுல. முதல்ல எழுதினப்போ அவன் பணக்காரக் கடையில திருடி ஏழைக்குக் குடுத்தான். மருமவகிட்ட அனுப்பினேன். "பாடப்புத்தகம் மாதிரி இருக்கு மாமா"ன்னுட்டா.

சரின்னு கொடூரமாக்கினேன். ராத்திரி கிட்டங்கிக்குள்ள வர்றவன் கழுத்தைத் திருகினான், கண்ணைத் தோண்டினான். ரெண்டு பக்கத்துக்கு அப்புறம் எனக்கே சலிச்சுருச்சு. எல்லாரையும் கொல்றவன்கிட்ட அடுத்து என்ன பண்ணுவான்கிற கேள்வியே இல்லையே.

அப்புறம் குழப்பக்காரனா எழுதினேன். நெனச்சதைச் செய்வான், ஒருநாள் சிரிப்பான், ஒருநாள் கடிப்பான். இதுதான் ரொம்ப மோசம். எழுதுறவனுக்கு ஒண்ணும் தோணலேன்னா அவன் ஏதாவது பண்ணுவான். அதைப் பாத்திரம்னு சொல்ல முடியாது, என் சோம்பேறித்தனம்.

கொஞ்ச நாள் விட்டுட்டேன். ஒரு சாயங்காலம் தராசுல ஏலக்காய் நிறுத்துக்கிட்டிருக்கும்போதுதான் பிடி கிடைச்சுது. அவனுக்கு ஒரே ஒரு சட்டம் குடுத்தேன்: எதை எடுத்தாலும் அதே எடைக்கு வேற எதையாவது வச்சுட்டுப் போவான்.

எடை சரியா இருக்கும். விலை அவனுக்குத் தெரியாது.

ஒரு கிலோ ஏலக்காயை எடுத்துட்டு ஒரு கிலோ உப்பு வைப்பான். கடைக்காரர் தலையில கை வைப்பாரு. அடுத்த வாரம் ஒரு கிலோ உப்பை எடுத்துட்டு, எங்கயோ இருந்து ஒரு கிலோ நகையைக் கொண்டாந்து வைப்பான். கடைக்காரர் கும்பிடுவாரு. அப்புறம் பக்கத்துத் தெருவுல நகை தொலைஞ்ச வீட்டுல அழுகை. அவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். தராசு முள்ளு நடுவுல நின்னுச்சா, கடன் இல்ல. கடையில எடைக்கல்லுல கை வைக்கிற முதலாளிகளைப் பாத்தா மட்டும் அவனுக்கு அருவருப்பு வரும்.

இது வரைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் எழுதினேன். ஒருநாள் ராத்திரி, கிட்டங்கிக் காவக்காரரோட பேரக்குழந்தை சாக்கு மேல தூங்குது. நாலு கிலோ இருக்கும். சாத்தானுக்கு அதைப் பிடிச்சுப்போச்சு.

காலையில வந்து பாத்தா, குழந்தை படுத்திருந்த இடத்துல நாலு கிலோ ஏலக்காய். முதல் தரம். கொழுகொழுன்னு பச்சை.

இந்த இடத்தை எழுதிட்டு எனக்கே கை நடுங்குச்சு. மருமவ படிச்சுட்டு ரெண்டு நாள் பேசல. அப்புறம் கேட்டா: "மாமா, அவன் கெட்டவன் இல்லல்ல?" நான் பதில் சொல்லல. சொன்னா கதை செத்துரும். முடிவு இன்னும் எழுதல. குழந்தையைத் திரும்ப வாங்கணும்னா நாலு கிலோவுக்கு எதை வைக்கிறதுன்னு காவக்காரர் யோசிச்சுக்கிட்டிருக்காரு. நானும்தான்.

இதே சாலையில பாத்திரக்கடை வச்சுக்கிட்டு, வியாபாரத்துக்கு நடுவுல கதை எழுதினவரு ஆ. மாதவன். 1934ல பொறந்து 2021 ஜனவரியில மறைஞ்சாரு. மாயாஜாலம் எழுதுனவரு இல்ல, அச்சு அசல் கடைத்தெரு மனுசங்க. ஆனா அவரோட சாளைப்பட்டாணி மாதிரி ரவுடிங்களைப் படிச்சா மாடன் வாடை அடிக்கும். திருடனையும் தரகனையும் அவர் திருத்தவும் மாட்டாரு, தீர்ப்புச் சொல்லவும் மாட்டாரு. கல்லாவுல உக்காந்து பாக்கிற கண்ணு அது. 2015ல சாகித்ய அகாடமி குடுத்தாங்க, அதுவும் கட்டுரைத் தொகுப்புக்கு. கதைகளுக்குக் குடுக்கலையேன்னு எனக்கு இன்னும் ஆத்தாமை உண்டு. கிருஷ்ணப் பருந்து கையில கிடைச்சா விடாதீங்க.

இப்பக் கடைசியா, நிஜமான கோவத்துக்கு வாரேன்.

வெளுக்கிறது நாவல்ல மட்டும் நடக்கல. சாமிக்கே நடக்குது. கேரளாவுல 1968லயே கோயில்ல ஆடு கோழி வெட்டக்கூடாதுன்னு சட்டம். தமிழ்நாட்டுல 1950ல போட்ட சட்டத்தை 2003ல தூசி தட்டி எடுத்தாங்க. கிராமமெல்லாம் கொதிச்சுது, மறு வருஷமே எடுத்துட்டாங்க. சட்டத்தை விடுங்க, கிடா பாவம்னு சொல்றவங்க பக்கமும் நியாயம் இருக்கு. எனக்கு உறுத்துறது வேற. இப்ப ஊர்ல பல கோயில்ல சாராயம் போயி பானகம் வந்துருச்சு, சுருட்டு போயி சூடம் வந்துருச்சு. வரட்டும். ஆனா அதோட கதையும் மாறுது. மாடன் சிவனோட அம்சம், தர்மத்தைக் காக்க அவதாரம் எடுத்தாருன்னு தலவரலாறு அச்சடிச்சுச் சுவர்ல மாட்டுறாங்க. அந்தத் தலவரலாத்துல சுடுகாடு இல்ல. பொணம் இல்ல. மாவிசக்கி இல்ல.

மாவிசக்கியை எடுத்துட்டா, அவளுக்காக அழுத பொம்பளைங்களோட அழுகையையும் சேத்து எடுக்கிறீங்க. அது யாரு சொத்து?

அதனால ஒரு வேண்டுகோள். உங்க குலதெய்வம் மாடனோ, இசக்கியோ, முனியோ, கறுப்பனோ, யாரா இருந்தாலும் சரி. அடுத்த கொடைக்குப் போகும்போது போனை சாமியாடுறவரு மூஞ்சியில நீட்டாதீங்க. வில்லுப்பாட்டு பாடுற பெரியவர்கிட்ட, அண்ணாவிகிட்ட, வீட்டுல உள்ள பாட்டிகிட்ட உக்காந்து முழுக்கதையையும் கேளுங்க. அசிங்கமான இடம், பயங்கரமான இடம், "அதெல்லாம் எதுக்குப்பா"ன்னு அவங்க தயங்குற இடம், அதுதான் முக்கியம். கேட்டது கேட்டபடி எழுதி எனக்கு அனுப்புங்க, இங்கயே போடுவோம்.

அந்தச் செயலி நாவல் எழுதுற தம்பியோ தங்கச்சியோ இதைப் படிச்சா: கோவிச்சுக்காதீங்க. அடுத்த அத்தியாயத்துல அந்த பிளாஷ்பேக் மொத்தமும் ராணிகிட்ட காசு கறக்க அவன் விட்ட கதைன்னு எழுதிருங்க. நான் மறுபடி படிக்க வாரேன்.